சொரணை வந்த வீடு

மஞ்சுக்கோம்பையில் இட்லி மாவு புளிக்க மூன்று நாள் ஆகும் என்றும், துவைத்துப் போட்ட காலுறை காய ஒரு வாரம் ஆகும் என்றும், புரட்டாசியில் இறங்குகிற மூடுபனி சில வருஷம் தை பிறந்த பிறகுதான் கிளம்பும் என்றும், அதற்குள் எதிர்வீட்டுக்காரர் முகமே மறந்துபோய்ப் பொங்கலன்று எல்லோரும் புதிதாக அறிமுகம் செய்துகொள்வார்கள் என்றும் சொன்னால் கோத்தகிரிக்காரர்களே சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்கள் அங்கே ஒரு மார்கழி இருந்து பார்த்தவர்களில்லை. அந்த ஊர்த் தேயிலை ஃபேக்டரியில் முப்பத்து நாலு வருஷம் இலை காயவைக்கும் டிரையருக்குப் பக்கத்திலேயே நின்றவர் சென்னியப்பன். எந்தச் சூடு எந்தச் சந்து வழியாகத் தப்பி ஓடுகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு காதாலேயே சொல்லிவிடுவார். ஆனால் மேனேஜர் திட்டினாலும் சரி, சூப்பர்வைசர் திட்டினாலும் சரி, வழி தவறி வந்த லாரி டிரைவர் ஆள் மாறித் திட்டினாலும் சரி, "சரிங்க" என்பதற்கு மேல் ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அதனால் ஃபேக்டரி முழுக்க அவருக்குப் பெயர் சூடு சொரணை இல்லாத மனுசன்.

அந்தப் பெயரை வைத்தது ஃபேக்டரி என்று ஃபேக்டரிக்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் வைத்தது அவர் சம்சாரம் பழனாத்தாள்.

பழனாத்தாளுக்குக் குளிர் ஆகாது. ஐப்பசி பிறந்தால் வலது கை விரல் கணுவெல்லாம் வீங்கி, சோற்றை உருண்டை பிடிக்கக்கூட விரல் மடங்காது. விறகடுப்புப் பக்கம் உட்கார்ந்தால் புகைக்கு இளைப்பு வரும். ஹீட்டர் போட்டால் ஃபேக்டரி லைன் வீடு பத்துக்கும் சேர்த்து ஃபியூஸ் போகும். முப்பத்து நாலு மார்கழியை இரண்டு ஸ்வெட்டரும் மூன்று வசவுமாகத் தள்ளிவிட்டு, சென்னியப்பன் ரிட்டயரான மறுநாளே டிரங்குப் பெட்டியோடு அன்னூரில் இருக்கிற அண்ணன் வீட்டுக்கு இறங்கிவிட்டாள். கூடவே போன சென்னியப்பன் அன்னூர் வெயிலில் ஒரே மாதத்தில் உடம்பெல்லாம் வேனல் கட்டி வந்து, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல், நின்றுகொண்டே தூங்கிப் பழகியபோது பழனாத்தாள்தான் தீர்ப்புச் சொன்னாள்.

"ஏனுங்க, நீங்க மேலயே போங்க. குளிர் காய அடுப்பு, ஹீட்டர், கரி ஒண்ணுமில்லாம, மார்கழி மாசத்துல நான் ஸ்வெட்டரைக் கழட்டி ஆணியில மாட்டிப்போட்டு உக்கார்ற மாதிரி ஒரு வீட்டைக் கட்டுங்க. மார்கழி பத்தாந்தேதி காத்தால பஸ்ஸுக்கு வர்றேன். கழட்ட முடிஞ்சா இருக்கேன். முடியலைன்னா நாலு மணி பஸ்ஸுக்கு இறங்கிருவேன். அப்புறம் நீங்க அங்க, நான் இங்க. என்ன?"

"சரிங்க" என்றார் சென்னியப்பன், பழக்கத்தில் பெண்டாட்டியையே வாங்க போங்க என்று சொல்லிவிட்டு.

அப்படித்தான் அவர் அந்த வீட்டைக் கட்டத் தொடங்கினார். மலைச்சரிவைக் குடைந்து வடக்குப் பக்கத்தை மண்ணுக்குள்ளேயே புதைத்து, குளிர்காலத்துச் சூரியன் தெற்கே சாய்ந்து வருகிறவன் என்பதால் தெற்குப் பக்கம் முழுக்க இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வைத்து, விழுகிற வெயிலை வாங்கிக் குடித்து வைத்துக்கொள்ள உள்ளே கறுப்புக் கடப்பைக் கல் பாவி, சுவரை ஒன்றாகக் கட்டாமல் இரண்டாகக் கட்டி நடுவில் உமியைக் கொட்டி அடைத்து, வாசலுக்குள் இன்னொரு வாசல் வைத்து, முதல் கதவைச் சாத்தாமல் இரண்டாவது கதவைத் திறக்கவே முடியாதபடி செய்தார். மேஸ்திரி அருளப்பன் தன் வாழ்நாளில் அப்படி ஒரு வீட்டைக் கட்டியதில்லை. "அண்ணா, இது வீடுங்களா, பிளாஸ்குங்களா?" என்று கேட்டார். சென்னியப்பன் "பிளாஸ்குதான்" என்றார், பெருமையாக.

தாழ்ப்பாள் எந்தப் பக்கம் வைப்பது என்று அன்னூருக்கு ஃபோன் போட்டுக் கேட்டார். "இடது பக்கம். எனக்கு வலது கைதான் மடங்காதே, அதுகூடத் தெரியாதா?" என்றாள். அடுப்பு மேடையின் உயரத்தை மட்டும் அவர் கேட்கவில்லை. பழனாத்தாள் குள்ளம். லைன் வீட்டில் முப்பத்து நாலு வருஷமும் பலகைக்கட்டை மேல் ஏறி நின்றுதான் சமைத்தாள். அவள் வகிடு தன் சட்டையின் இரண்டாவது பொத்தானுக்கு வரும் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கணக்கில் பொத்தானிலிருந்து தரைக்கு அளந்து, அதிலிருந்து அவள் முழங்கைக்கு இறங்கி, அங்கிருந்து ஒரு சாண் கழித்து, யாருக்கும் சொல்லாமல் கட்டிவைத்தார்.

தப்பு நடந்தது நிலை வைத்த அன்றைக்கு. நிலைக்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, நவதானிய முடிச்சைக் கட்டி நிறுத்திய பிறகு அருளப்பன், "அண்ணா, வீட்டுக்காரர் மனசுல இருக்கறதை ஒரு வார்த்தை நிலைகிட்டச் சொல்லிப்போடுங்க. நிலை கேட்டுக்கும்" என்றார். சென்னியப்பன் கும்பிட்டுக்கொண்டு முன்னால் போனார். 'இந்த வீட்டுக்கு எப்பவும் சூடு இருக்கணும்' என்றுதான் சொல்ல நினைத்தார். ஆனால் முப்பத்து நாலு வருஷத்தில் சூடு என்ற சொல் அவர் காதுக்குத் தனியாக வந்ததே கிடையாது. எப்போது வந்தாலும் வாலையும் கூட்டிக்கொண்டுதான் வந்தது. அதனால் வாய் தன் பாட்டில், "இந்த வீட்டுக்கு எப்பவும் சூடு சொரணை இருக்கணும்" என்று சொல்லிவிட்டது.

நிலை கேட்டுக்கொண்டது.

வீடு முடிந்த மறுநாள் மூடுபனி இறங்கியது. வெயிலைப் பிடிக்க இத்தனை ஏற்பாடு செய்துவைத்திருந்தும் வெயில் என்ற ஆசாமி அந்தப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. ஒரு நாள், பத்து நாள், இருபது நாள். பிளாஸ்க் என்பது சூடாக ஊற்றினால் சூடாக வைத்திருக்கும், சும்மா வைத்திருந்தால் சும்மா இருக்கும் என்பதைச் சென்னியப்பன் கம்பளிக்குள் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தோட்டத்து முட்டைக்கோஸ்காரர் போஜன் வீடு பார்க்க வந்தார். முதல் கதவைச் சாத்தினார், இரண்டாவது கதவைத் திறந்தார், நடு வீட்டில் நின்றார், பல் கிட்டித்தது.

"என்ன அண்ணா, இவ்வளவு பாடுபட்டு ஒரு முட்டைக்கோஸ் குடோனைக் கட்டி வெச்சிருக்கீங்க? இதுக்கு மூஞ்சி வேற, ஜன்னல் வேற!"

சொல்லி வாய் மூடவில்லை, அவர் சாய்ந்திருந்த சுவர் சுருக்கென்று சுட்டது. போஜன் துள்ளி நகர்ந்தார். தொட்டுப் பார்த்தார்கள். இட்லிப் பானை மூடி மாதிரி இருந்தது. காது மடல் சிவக்கிற மாதிரி செங்கல் மேல் லேசாக ஒரு சிவப்பும் ஓடியது.

"இதுக்குக் கோபம் வருது" என்றார் போஜன்.

"கோபமில்லை" என்றார் சென்னியப்பன், அந்த விஷயத்தில் அனுபவப்பட்டவர் என்பதால். "சொரணை."

மஞ்சுக்கோம்பைக்காரர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டார்கள் என்று எழுதினால் அது பொய். 'அட, அப்படியா, எத்தனை மணிக்குத் திறப்பாங்க?' என்றுதான் கேட்டார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு வாசலில் பதினேழு பெண்கள் ஆளுக்கொரு குண்டா மாவோடு நின்றார்கள். உள்ளே வந்தார்கள், கடப்பைக் கல் மேல் குண்டாக்களை வரிசையாக வைத்தார்கள், இடுப்பில் கை வைத்தார்கள், திட்டினார்கள். கோழிக்கூண்டுக்குக் கண்ணாடி போட்டாப்ல இருக்குது என்று ஒருத்தி, குடை வாங்கப் போனவன் கைப்பிடியை மட்டும் வாங்கிட்டு வந்தாப்ல இருக்குது என்று இன்னொருத்தி, நாலு சுவரு சண்டை போட்டுத் திரும்பி நின்னுக்கிட்ட மாதிரி இருக்குதடி என்று மூன்றாமவள். பதினோரு மணிக்கு மாவெல்லாம் பொங்கி மூடியைத் தள்ளியது. மறுநாள் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சீருடை அத்தனையும் உலர்த்தப்பட்டது. மகளிர் குழுவில் கூட்டம் போட்டு, திங்கள் புதன் மாவு, செவ்வாய் வியாழன் துணி, வெள்ளிக்கிழமை பிள்ளை பெற்றவர்களுக்கு மட்டும், அன்றைக்குக் குழந்தை காதில் விழக்கூடாது என்பதால் மென்மையாகத் திட்ட வேண்டும் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஹெட்மாஸ்டர் ஞானபிரகாசம் கெட்ட வார்த்தை பேசாதவர். அவர் கழுத்துத் துண்டைச் சரிசெய்துகொண்டு, "மதிப்பிற்குரிய இல்லமே, தங்களைக் காணும்தோறும் தங்களைக் கட்டாமலே விட்டிருக்கலாமே என்ற எண்ணம் என் உள்ளத்தில் எழுவதைத் தடுக்க இயலவில்லை" என்றார். அன்றைக்கு வந்த சூடு மூன்று நாள் நின்றது. மரியாதையாகத் திட்டினால் ஆழமாக இறங்குகிறது என்று ஊர் தெரிந்துகொண்டது.

எதிலும் ஒரு சோதனை வரவேண்டும் அல்லவா, கோயம்புத்தூரிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கரண்டு செலவில்லாமல் கதகதப்பாக இருக்கிற வீடு என்று யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். நடு வீட்டில் நின்று, "அற்புதம்! நாட்டுக்கே முன்மாதிரி! ஒவ்வொரு மலைக் குடும்பமும் பின்பற்ற வேண்டிய..." என்று ஆரம்பித்தார். முதல் வாக்கியத்தில் சுவர் ஆறியது, இரண்டாவதில் ஜன்னல் வேர்த்தது, மூன்றாவதில் அவர் கையில் கொடுத்திருந்த டீயின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பனிப்படலம் கட்டிவிட்டது. அதிகாரி இன்னும் பாராட்டுவதற்கு வாயைத் திறந்தபோது போஜன் அவரை அன்பாகத் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிப் போய், "ஏன் சார், நாங்க குளிர்ல சாகறது உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

இத்தனைக்கும் நடுவில் சென்னியப்பன் மட்டும் ஒரு நாளும் வீட்டைத் திட்டவில்லை. யாருமில்லாதபோது சுவரைத் தொட்டு, "மனசுல வெச்சுக்காத சாமி. உன்ற நல்லதுக்குத்தான்" என்பார். அவருக்கென்ன, மார்கழி பத்து வரைக்கும் சுவர் சுட்டால் போதும். காலண்டரில் அந்தத் தாளை மடித்தே வைத்திருந்தார்.

கார்த்திகை கடைசியில்தான் அது தெரிந்தது. பத்து குண்டாவில் நாலுதான் பொங்கியது. மறுநாள் இரண்டு. பெண்கள் குரலை உயர்த்தினார்கள். சுவர் வெதுவெதுப்போடு நின்றது. ஹெட்மாஸ்டர் செய்யுளாகவே இயற்றிக்கொண்டு வந்தார். வீடு கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான். மேட்டுப்பாளையம் மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு ஏலம் விடுகிறவர் ஒருவர், எதிரில் நிற்கிற ஆளை ஒரே மூச்சில் ஏழு தலைமுறையும் எட்டிப்பார்க்கிற மாதிரி திட்டக்கூடியவர், அவரைத் தனியாக ஜீப் வைத்துக் கூட்டிவந்தார்கள். அவர் ஒரு மணி நேரம் திட்டி, தொண்டை கட்டி, சுக்குக் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, "இதுக்குமேல திட்டினா எனக்குத்தாங்க சொரணை இல்லைன்னு ஆகும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அருளப்பன் சுவரில் காதை வைத்துப் பார்த்தார், கையை வைத்துப் பார்த்தார், பிறகு சென்னியப்பன் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. இது அப்படியே உங்களாட்டம் ஆயிருச்சு. கேட்டுக் கேட்டு மரத்துப்போச்சு."

சென்னியப்பனுக்கு அன்றைக்குத்தான் ஒரு விஷயம் விளங்கியது. தான் சூடு சொரணை இல்லாமல் பிறக்கவில்லை. எங்கோ ஒரு கார்த்திகைக் கடைசியில் தனக்கும் இப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். ஆனால் அதை யோசிக்க நேரமில்லை. மார்கழி பத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. ஊர் குற்ற உணர்ச்சியில் கொடியை அவிழ்த்தது, குண்டாக்களை எடுத்தது, தரையைத் துடைத்துக் கொடுத்தது. ஒன்பது நாளும் வெயில் வரவில்லை.

மார்கழி பத்து காலை பத்தரை பஸ்ஸில் பழனாத்தாள் வந்து இறங்கினாள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு சால்வை, காதுக்கு மஃப்ளர். பெட்டியைக் கொண்டுவரவில்லை, ஒரு மஞ்சள் பைதான். பெட்டி தூக்க வந்த சென்னியப்பன் பையை வாங்கிக்கொண்டு நடந்தார். முதல் கதவைச் சாத்தி இரண்டாவது கதவைத் திறந்தாள். சுவரைத் தொட்டாள். கையை எடுத்துக்கொண்டாள். வசவாவது வருமென்று அவர் காத்திருந்தார்; அதுவும் வராதபோதுதான் நாலு மணி பஸ் நிஜமென்று தெரிந்தது.

"ஊர்க்காரங்க சொன்னாங்க" என்றாள் கடைசியில். "திட்டினாச் சுடுமாமா?"

"சுட்டுது. இப்ப உறைக்கறதில்லை."

"உறைக்காட்டி உறைஞ்சுதான் போகும்" என்று சொல்லிவிட்டு, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தெற்கு ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி மதில் மாதிரி நின்றது. அவர் கறுப்பு டீ போட்டுக் கொடுத்தார். அண்ணன் மகளுக்கு வரன் வந்ததைச் சொன்னாள். இங்கே போஜனுக்கு முழங்கால் வலி வந்ததை அவர் சொன்னார். மத்தியானம் புளிச்சாதம். மூன்று மணி. மூன்றேகால். இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்க்காமலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றரைக்கு அவள் எழுந்தாள். பை எடுக்கப் போகிறாள் என்று நினைத்தார். டம்ளரைக் கழுவி வைக்கப் போனாள்.

அடுப்பு மேடைக்கு முன்னால் நின்றாள். நின்றவள் பழக்கத்தில் காலால் பலகைக்கட்டையைத் தேடினாள். கட்டை இல்லை. மேடையைப் பார்த்தாள். ஊரில் யார் வீட்டிலும் இல்லாத குள்ள மேடை. அதன் மேல் கையை வைத்தாள். முழங்கையை மடக்கிப் பார்த்தாள்.

"ஏனுங்க."

"ம்."

"மேடை ரெண்டு விரக்கடை ஒசரம்."

சென்னியப்பன் மனசுக்குள் மறுபடி கணக்குப் போட்டார். பொத்தான், முழங்கை, ஒரு சாண், எல்லாக் கணக்கும் சரி. பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். கம்பூட்ஸ். வீடு கட்டுகிற வேலைக்குப் போட்ட காலோடேயே நின்று அளந்திருக்கிறார். அதன் அடிப்பாகம் சரியாக இரண்டு விரக்கடை.

"பூட்ஸோட அளந்துபோட்டேன்" என்றார்.

"அளந்தீங்களா? எதை வெச்சு அளந்தீங்க?"

அவர் இரண்டாவது பொத்தானைத் தொட்டுக் காட்டினார். அவள் அதைப் பார்த்தாள். அந்த நேரத்தில்தான், அவள் இடுப்புப் பட்ட மேடையின் விளிம்பில், கறி வதக்குவதற்கு முன்னால் சட்டியில் ஏறுகிற அளவுக்கு, மெல்ல ஒரு சூடு வந்தது.

பழனாத்தாள் கையை எடுத்தாள். மறுபடி வைத்தாள். ஊரெல்லாம் கூடி நின்று கேலி செய்தும், ஏலக்காரர் தொண்டை கட்டியும் அசையாத வீடு, ரெண்டு விரக்கடை ஒசரம் என்றதற்குச் சுடுகிறது. சோதித்துப் பார்க்கிற ஆசை அவளுக்கு. "இந்த அலமாரி அடித்தட்டுல சாமான் வெச்சா எடுக்கறது எப்படி, தவழ்ந்தா?" என்றாள். வடக்குச் சுவர் வெதுவெதுத்தது. "அரிசி டின்னை எங்க வெப்பேன்? மோட்டு மேலயா?" தரை சுட்டது, கடப்பைக் கல்லிலிருந்து ஆவி கிளம்பியது. "ஜன்னல் திரைக்கு இந்தப் பச்சையைத்தானா புடிச்சீங்க? இதைத் தினமும் நானில்ல பாக்கோணும்!"

அவள் சொல்லிவிட்டு நின்றாள். தினமும் என்று சொன்னது அவள் காதிலும் விழுந்தது. இரண்டு பக்கச் சுவரும் நாணப்பட்ட மாதிரி சிவந்துகொண்டு வந்தன. பழனாத்தாள் மஃப்ளரை அவிழ்த்தாள். சால்வையை எடுத்தாள். மேல் ஸ்வெட்டரைக் கழட்டினாள், ஆணி தேடினாள், அவர் ஓடிப்போய்க் காட்டினார், வாசல் பக்கம் அவள் கைக்கெட்டுகிற உயரத்தில் இரண்டு ஆணி அடித்து வைத்திருந்தார், ஸ்வெட்டருக்கு ஒன்றாக. உள் ஸ்வெட்டரையும் கழட்டி இரண்டையும் மாட்டினாள். அப்போது கையில் தாழ்ப்பாள் தட்டுப்பட்டது.

"எல்லாஞ்சரி, தாழ்ப்பாளை எடது பக்கம் வெக்கச் சொன்ன புத்திசாலி எவன்?"

"நீதான்டி சொன்னே!"

வீடு அதிர்ந்தது. சொன்னது சென்னியப்பன். முப்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாகச் சரிங்க என்று சொல்லாமல், முகம் ஜிவ்வென்று ஏறி, பூட்ஸ் காலைத் தரையில் ஒரு உதை உதைத்து, "ஃபோன் போட்டுக் கேட்டேன், வலது கை மடங்காதுன்னு நீதான் சொன்னே, கேட்டு வெச்சா எவன்னு கேக்கறே? நான் என்ன கல்லா?" என்று அவர் கத்தக் கத்த, ஜன்னலில் வேர்த்திருந்த நீரெல்லாம் வற்றியது, வெளியே கண்ணாடிக்கு எதிரே நின்ற மூடுபனி ஒரு முழம் பின்வாங்கியது, போஜன் தோட்டத்து முட்டைக்கோஸ் முதல் வரிசை வெந்தே போனது என்று போஜன் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

வளைவில் நாலு மணி பஸ் ஹாரன் அடித்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை. டிரைவருக்கு விஷயம் தெரியும். ஆள் வருகிறதா என்று நிறுத்திப் பார்த்தார்.

பழனாத்தாள் தெற்கு ஜன்னலில் ஒரு கதவைத் திறந்து, முந்தானையால் கழுத்தை விசிறிக்கொண்டு, வீட்டையும் பார்க்காமல் புருஷனையும் பார்க்காமல், இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ பார்த்து, "அட, சூடு சொரணை வந்துருச்சே!" என்றாள்.

பஸ் போய்விட்டது. யாரைச் சொன்னாள் என்று சென்னியப்பன் கேட்கவில்லை. பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு வந்து நின்று, இரண்டாவது பொத்தானிலிருந்து மறுபடி அளக்க ஆரம்பித்தார்.